நண்பகல் மணிக்குத் திரும்பிய கற்கள்

பலாக்கானலின் சுனைமலையிலிருந்து லாரி லாரியாக இறங்கிப்போன கற்கள், ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு அடுத்த திங்கட்கிழமை நண்பகலில் திரும்பி வரத் தொடங்கின. முதலில் அதைக் கண்டவர் டிப்பர் லாரி ஓட்டும் தேவசகாயம். குவாரியில் ஏற்றிய கல்லோடு அவர் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது மேலே அடைக்கல மாதா கோயிலில் மணி அடித்தது; அந்த மலையில் பிறந்த எவரும் செய்வதுபோல அவர் வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, தலைத்துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி மூவேளைச் செபத்தைச் சொன்னார்; சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தபோது வண்டி நுகத்தடி அவிழ்த்த மாடு மாதிரி நிமிர்ந்து நின்றது. இறங்கிப் போய்ப் பார்த்தார். பின்தொட்டியில் கல் இல்லை, கல் உரசிய தூசி மட்டும் இருந்தது. குவாரிக்குப் போன் போட்டு அவர் விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள், காலையில் வெடி வைத்துப் பெயர்த்த கல்லெல்லாம் பெயர்த்த இடத்திலேயே இருக்கிறது, வெடிக்குத் துளை போட்ட அடையாளம்கூட இல்லை, நீ வரும்போது எனக்கு ஒரு சோடா வாங்கி வா என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

குவாரி முதலாளி அதிரியான் கோட்டைப்பட்டிக்காரர், அடிவாரத்தில் பெரிய வீடு, பெரிய கை. மாதா திருநாளுக்குத் தேர் செய்து கொடுத்தவர். அவர் இதை முதலில் திருட்டு என்றார், பிறகு ஓட்டுநர்களின் குடி என்றார், கடைசியில் சிஸ்டர் பிலோமினின் வேலை என்றார். சிஸ்டர் பிலோமின் ஊரில் கன்னியர் மடத்துச் சமூகப்பணி மையத்தை நடத்துபவர். அன்பியக் கூட்டங்களில், அதாவது பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து வாரம் ஒருமுறை வேதம் வாசிக்கும் கூட்டங்களில், வாசகமும் பாட்டும் முடிந்தபின் பெண்களை எழுந்துபோக விடாமல் உட்காரவைத்து, சுனையில் தண்ணீர் ஏன் நின்றது என்று அவர்கள் வாயாலேயே பேசவைத்தவர். மலையிலிருந்து எடுத்ததை மலைக்கே திருப்பிக் கொடு என்று கலெக்டர் அலுவலகத்துக்கு மனு மேல் மனுவாகக் கொண்டுபோனவர். கற்களை நகர்த்தத் தெரிந்திருந்தால் தான் ஏன் மனு எழுதிக்கொண்டு பஸ்ஸில் வாந்தி எடுத்தபடி அத்தனை தடவை கலெக்டர் அலுவலகம் போகவேண்டும் என்று அவர் கேட்டார். ஆனாலும் அதிரியான் கல்லுக்குக் காவல் போட்டார். கீழே குவித்துவைத்த கற்களைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லி நிறுத்திய ஆட்களுக்கு நண்பகலில் ஒரே நேரத்தில் தும்மல் வந்தது. பொருத்திய கேமராவின் கண்ணில் ஒரு பல்லி வந்து உட்கார்ந்து மணி ஓயும்வரை நகரவில்லை.

அந்த மணியை அடிப்பவர் தேவசகாயத்தின் அக்கா சலேத்மேரி. கோயிலைத் திறந்து, பெருக்கி, மெழுகுவத்தி ஏற்றி, காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் மணியடிக்கும் கோயில்பிள்ளை வேலையைப் பங்கு நிர்வாகம் அவருக்குக் கொடுத்தது, அவர் புருஷன் இன்னாசி நெஞ்சில் கல்தூசி அடைத்துச் செத்துப்போன வருஷத்தில். அவர் கயிற்றை இழுத்தால் காபித் தோட்டத்தில் பழம் பறிக்கிற பெண்கள் கூடையை இறக்கிவைப்பார்கள், சௌசௌ பந்தலுக்குள் இருப்பவர்கள் குனிந்த முதுகை நிமிர்த்துவார்கள், டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருக்கும் டீ பாதியில் நிற்கும், மாரியம்மன் கோயில் பூசாரிகூட மரியாதைக்குக் கண்ணை மூடுவார். ஊர் முழுக்கக் கண் மூடியிருக்கும் அந்தச் சின்ன இடைவெளிதான் கற்களுக்கு வேண்டியிருந்தது. காலையிலும் மாலையிலும் அவை அசையவில்லை. ஏன் நண்பகலில் மட்டும் என்று பங்குத்தந்தை அம்புரோஸ் சாமியிடம் சிலர் கேட்டார்கள். வெயிலில் நடக்கக் கல்லுக்குக் கஷ்டமில்லை போலும் என்று சொல்லி அவர் தப்பித்துக்கொண்டார்.

புதிதாகப் போனவை முதலில் வந்தன, பழையவை பிறகு வந்தன. குவாரிக் களத்தில் குவிந்திருந்தவை வந்து முடிந்ததும் கோட்டைப்பட்டியின் புதுக் கட்டடங்களிலிருந்து அஸ்திவாரக் கற்கள் வந்தன. பிறகு படிக்கற்கள், கல்தூண்கள், சாலையோரத்து மைல்கற்கள், தோய்க்கும் கற்கள், அம்மிகள் வந்தன. கிரஷரில் நொறுக்கிய ஜல்லியும் வந்து, தையல் தெரியாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. எவர் மேலும் ஒரு கீறல் விழவில்லை. படியில் ஆள் உட்கார்ந்திருந்தால் அவர் எழுந்து உள்ளே போகும்வரை அந்தப் படி இன்னொரு நாளைக்குக் காத்திருந்தது. பிரசவ வீட்டின் வாசற்கல் குழந்தைக்குப் பேர் வைக்கும்வரை பொறுத்திருந்து புறப்பட்டது. வந்த கற்கள் தாங்கள் இருந்த இடத்தின் அடையாளங்களோடு வந்தன. ஒன்றில் கோலம் பாதி அழிந்திருந்தது, ஒன்றில் அரைத்த தேங்காய்த் துவையல் ஈரமாக இருந்தது, எந்தக் கட்டடத்தை எந்தப் பிரமுகர் திறந்துவைத்தார் என்று பொன்னெழுத்தில் சொன்ன ஒரு கல், எழுத்துள்ள பக்கத்தை மலைக்குள் திருப்பிக்கொண்டு பொருந்தி உட்கார்ந்தது.

கீழேயிருந்து ஆட்கள் கல்லைத் தேடிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் சண்டைக்கு வந்தார்கள். ஜல்லி போன சாலையில் பஸ் பாதியில் நின்றுவிட, மீதியை நடந்து ஏறி மூச்சு வாங்கி வந்தவர்களை என்ன செய்வது என்று பலாக்கானல் யோசித்து, அந்தோணியார் அன்பியம் திங்கட்கிழமை, செபஸ்தியார் அன்பியம் செவ்வாய்க்கிழமை என்று முறை வைத்துக் கஞ்சியும் காபியும் கொடுத்தது. மஞ்சள் குங்குமம் வைத்த தன் வாசற்படியை மலைச்சரிவில் கண்டுபிடித்த ஒரு பெண்மணி அதன்மேல் உட்கார்ந்து வெகுநேரம் கீழே பார்த்துவிட்டு, இங்கே காற்று நன்றாக இருக்கிறது, இது இங்கேயே இருக்கட்டும் என்று எழுந்து போனார். மாசி பிறந்தபோது கோட்டைப்பட்டியில் பலகை வாசற்படிகள் சகஜமாகிவிட்டன. அதிரியானின் வீட்டில் முன்படிக்கட்டு முழுவதும் போய்விட்டதால் அவர் ஏணி வைத்து ஏறி இறங்கினார். ஏணி வீட்டுக்காரர் என்று அந்தத் தெருவில் அவருக்குப் பேர் ஆனது.

குவாரி நின்றது. எடுத்த கல்லை நண்பகலுக்குள் விற்றுத் தீர்த்தாலும் வாங்கியவனிடம் அது இரவு தங்குவதில்லை என்று தெரிந்தபின் எவன் வாங்குவான். அதில் வேலை பார்த்த பலாக்கானல் ஆண்களில் சிலர் திருப்பூருக்குப் போனார்கள். சிலர் சிஸ்டர் பிலோமினின் மையத்தில் மண்வெட்டி வாங்கிக்கொண்டு சரிந்த தோட்டங்களுக்கு வரப்புக் கட்டினார்கள். தேவசகாயம் லாரியைப் பலா மரத்தடியில் நிறுத்திவிட்டு, அதன்மேல் கோழி அடையவிட்டு, தினமும் ஒருமுறை அக்காவைத் திட்டிவிட்டுப் போவதை வேலையாக வைத்துக்கொண்டார்.

தவக்காலத்தின் முதல் வாரத்தில் இன்னாசியின் கல்லறைக்கல் போயிற்று. அது அவர் செத்த வருஷத்துக் கல், அதன் முறை வந்தது, போயிற்று. சலேத்மேரி கல்லறைத் தோட்டத்துக்குப் போய், கல் இருந்த இடத்தில் வெளிறிக் கிடந்த மண்ணைப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த காட்டுச்செடி ஒன்றைப் பிடுங்கி அங்கே அடையாளத்துக்கு நட்டார். மறுநாள் நண்பகலில் மணி அடித்தது.

கல்லறைக்கல் போனபின்தான் சிஸ்டர் பிலோமின், எல்லோரும் மனதுக்குள் கணக்குப் போட்டு வெளியே சொல்லாமல் வைத்திருந்ததைக் கோயிலில் கூடிய அன்பியக் கூட்டத்தில் சொன்னார். கடைசியாக எடுத்தது முதலில் வருகிறது என்றால், முதலில் எடுத்தது கடைசியில் வரும். சுனைமலையில் முதன்முதலாக எடுத்த கல் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார். எல்லோரும் சுற்றியிருந்த சுவர்களைப் பார்த்தார்கள். அவர்கள் அந்தக் கற்களுக்குள்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

குவாரி வந்ததே கோயிலுக்காகத்தான். அதற்குமுன் பலாக்கானலில் இருந்தது மண்சுவர்க் கோயில், ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் ஒரு சுவர் விழும். மலைநாட்டில் எந்தப் பங்கிலும் இல்லாதபடி கல்லால் ஒரு கோயில் கட்டவேண்டும் என்று ஊருக்கு ஆசை வந்தபோது, கல்தச்சரான இன்னாசியும் இன்னும் சில ஆண்களும் சுனையடிக்குப் போய், முழங்காலில் நின்று மலையிடம் கேட்டுக்கொண்டு, தண்ணீர் வழுவழுவென்று தேய்த்து வைத்திருந்த அகலமான வாய்க்கல்லைப் பெயர்த்து, பாட்டுப் பாடியபடி தோளில் சுமந்து இறக்கிப் பலிபீடமாக வைத்தார்கள். அந்த ஒரு கல்லோடு அவர்களுக்குத் தோள் வலித்துவிட்டது. மீதிக் கல்லை நான் வெட்டித் தருகிறேன், கோயிலுக்கு இனாம், ஊர் சம்மதம் என்று ஒரு கையெழுத்து மட்டும் போதும் என்று அதிரியான் வந்து சொன்னபோது பங்குப் பேரவை மொத்தமும் கைதட்டிக் கையெழுத்துப் போட்டது. கோயில் கட்டி முடிந்தது, குவாரி முடியவில்லை. சுனை சுருங்கி, சொட்டி, நின்றது. அதை முதலில் இழந்தவர்கள் சுனைக்குக் கீழே குடியிருந்த மலைப்பழங்குடிகளான பளியர்கள், வெடி அதிர்ச்சியில் கூரை விரிசல் கண்டவையும் அவர்கள் வீடுகள்தான். பிறகு ஊருக்கு அதிரியானின் டேங்கர் லாரி தண்ணீர் கொண்டுவந்தது, அதுவும் இனாம். ஈஸ்டருக்கு மந்திரிக்கும் தண்ணீர்கூட அந்த டேங்கரிலிருந்துதான் பிடித்தார்கள்.

இப்போது மலையின் காயம் ஏறக்குறைய மூடியிருந்தது. மூடிய இடங்களில் ஈரம் கசிந்து பெரணி துளிர்த்தது. ஆனால் சுனையின் வாய் மட்டும் ஒரு பெட்டி அளவுக்குக் குழியாக, உலர்ந்து, திறந்து கிடந்தது. அந்தக் குழியின் வடிவம் பலாக்கானலில் பூசை பார்த்த எல்லோருக்கும் தெரிந்த வடிவம்.

குருத்து ஞாயிறுக்கு முந்திய வாரம் அதிரியான் நடந்தே மேலே வந்தார். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த சலேத்மேரி முடிக்கும்வரை நின்றார்.

"மணிய நிறுத்தச் சொல்லல, கோயில்பிள்ளையம்மா. கொஞ்சம் முன்னப்பின்ன அடிங்கன்னுதான் கேக்கறேன்."

"பன்னெண்டு மணிய எங்க மொதலாளி முன்னப்பின்ன அடிக்கிறது?"

"என் வீட்டுக்கு ஏணி வச்சு ஏறறேன். அது போகட்டும். இது உங்க வீட்டுக்காரர் கட்டின கோயில். அவர் கை படாத கல்லு இதுல ஒண்ணு கெடையாது. இது போறதுக்கு நீங்களே கயித்தப் புடிச்சு இழுக்கணுமா?"

சலேத்மேரி எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். அதிரியான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. செத்த மனிதனின் போட்டோ ஒன்றுகூட வீட்டில் கிடையாது, கல்லறைக்கல்லும் போய்விட்டது. சுவரில் கை வைத்தால் உளித்தடம் விரலுக்குத் தட்டுப்படும், அதுதான் அவருக்கு இன்னாசி. மணியை நிறுத்தினால் கோயில் நிற்கும், கோயில் நின்றால் சுனை வராது, மறுபடி வெடி வைப்பார்கள்; மணி அடித்தால் சுனை வரும், அவருக்கு மிச்சமிருந்த ஒரே சுவர் போகும். அன்று நண்பகல் மணி சற்றுப் பிந்தி அடித்ததாக ஊரில் சொல்வார்கள். அப்படி எதுவும் இல்லை என்பார் சலேத்மேரி.

குருத்து ஞாயிறு பூசை முடிந்து, கையில் குருத்தோலையோடு ஊர் அப்படியே உட்கார்ந்தது. அம்புரோஸ் சாமி பயந்த சுபாவக்காரர், ஆனால் நேர்மையானவர். மேலிடத்தில் கேட்டதற்கு, இப்படி ஒரு விஷயத்துக்கு விதி எதுவும் கிடையாது, பங்கே முடிவு செய்யட்டும் என்று பதில் வந்திருப்பதைச் சொல்லிவிட்டு, தனக்கு எந்தப் பக்கம் பேசுவது என்றும் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். பலர் பேசினார்கள். கல் கோயில் என்று சொல்லித்தான் பக்கத்துப் பங்குகளில் பெண் கொடுத்தார்கள் என்றார் ஒருவர். டேங்கர் தண்ணீரில் பருப்பு வேகுவதில்லை என்றாள் ஒருத்தி. சிஸ்டர் பிலோமின், தான் வெளியூர்க்காரி, இந்தக் கோயிலுக்குக் கல் சுமக்காதவள், இதில் தனக்குச் சொல்ல உரிமை இல்லை என்று சொல்லிப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தது எல்லோருக்கும் ஆச்சரியமாக இருந்தது. தேவசகாயம் எழுந்தார்.

"அக்கா, என் லாரி போச்சு. மச்சான் கல்லறைக்கல்லும் போச்சு. இப்பக் கோயிலும் போகட்டுங்கிறியா? மழை பேஞ்சா மாதா எங்க நிப்பா?"

"உன் வீட்டுல நிப்பா. டிவியக் கொஞ்சம் தள்ளி வை."

சிரிப்பு அடங்கும்வரை சலேத்மேரி காத்திருந்தார். பிறகு எழுந்து நின்று, சாமியைப் பார்த்துச் சொன்னார்.

"சாமி, மலையில எடுத்தத மலைக்கே குடுன்னு மொதலாளியக் கேட்டோம். மனு குடுத்தோம், ரோட்டுல உக்காந்தோம். எல்லார் வாசப்படியும் வந்துச்சு, நாம நின்னு பாத்தோம். நாம எடுத்தது மட்டும் நம்மகிட்டயே இருக்கணுமா? அப்படி இருந்தா அந்த மனுவுல என்ன இருக்கு? என் வீட்டுக்காரர் செதுக்கினதுதான். எனக்கும் வலிக்குது. நான் மணி அடிக்கிறேன்."

கை தூக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருத்தி, சூசையப்பர் சுரூபத்தை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், எங்கள் வீட்டு வாசல் அவர் உயரத்துக்குச் சரியாக இருக்கும் என்றாள். செபஸ்தியாரை யார் வைப்பது என்று உடனே வாக்குவாதம் தொடங்கியது. பலாக்கானல் முடிவெடுத்தது அப்படித்தான்.

பெரிய வாரத்தின் திங்கட்கிழமை காலை ஆண்கள் கூரையேறி ஓடுகளை இறக்கினார்கள், பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றி அவற்றை அடுக்கினார்கள், அடுக்கிய ஓடுகளும் உத்திரங்களும் பளியர் குடியிருப்பின் விரிசல் கண்ட கூரைகளுக்குப் போயின. மணியைக் கோபுரத்திலிருந்து இறக்கிப் பலா மரத்தின் தாழ்ந்த கிளையில் கட்டினார்கள். அடைக்கல மாதா தேவசகாயத்தின் வீட்டில் டிவிக்குப் பக்கத்திலும், செபஸ்தியார் ரேஷன் கடையிலும், சிறகு விரித்த இரண்டு சம்மனசுகள் டீக்கடையிலும் குடியேறினார்கள். நண்பகலில் மணி அடித்தது, ஊர் கண்ணை மூடியது, திறந்தபோது கோபுரம் இல்லை. அடுத்த நாள் நண்பகலில் பக்கச்சுவர்களும் பின்சுவரும் இல்லை. சுவர் போன இடத்தில் அதுவரை தெரியாத காட்சிகள் தெரிந்தன. பலிபீடத்துக்குப் பின்னால் சுனைமலை முழுசாக நின்றது, இத்தனை வருஷமும் அதற்கு முதுகு காட்டிக்கொண்டு அல்ல, அதைப் பார்த்தபடியேதான் பூசை கண்டிருக்கிறோம், நடுவில் ஒரு சுவர் மட்டும் இருந்திருக்கிறது என்று ஊருக்கு அப்போதுதான் புரிந்தது.

புதன்கிழமை, அதிரியான் குத்தகையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த மனுவுக்காக ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் வரைபடத்தை நேராகவும் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்துவிட்டு, மேற்படி இடத்தில் குவாரி எதுவும் காணப்படவில்லை, மலை மட்டுமே உள்ளது, இல்லாத குவாரிக்குக் குத்தகை புதுப்பிக்க இயலாது என்று எழுதினார். அதிரியான் பக்கத்தில் நின்று அதைப் படித்தார். போகும் வழியில் அதிகாரி கோயிலைப் பார்க்கவேண்டும் என்றார். மூன்று பக்கம் சுவரில்லாத இடத்தில் எங்கே செருப்பைக் கழற்றுவது என்று தெரியாமல் சாலையிலேயே கழற்றிவிட்டு வந்தார்.

பெரிய வியாழன் நண்பகலில் முன்சுவரும் தளக்கற்களும் போயின. கண்ணைத் திறந்தபோது வெட்டவெளியின் நடுவே பலிபீடக் கல் மட்டும் தனியாக இருந்தது. எல்லாவற்றுக்கும் முதலில் எடுத்த கல், எல்லாவற்றுக்கும் கடைசியில் போகவேண்டிய கல், அது போகவில்லை. மந்திரித்த கல்லாயிற்றே, அதற்குக் கட்டு இருக்கும் என்றார் அம்புரோஸ் சாமி. வயசாகிவிட்டது, ஏறமுடியவில்லை என்றார் தேவசகாயம். அன்று மாலைப் பூசைக்குப்பின் மணி அடிக்க முடியாது. பெரிய வெள்ளிக்கு மணியின் நாக்கைக் கட்டிவைத்து மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள், ஈஸ்டர்வரை அதுதான் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் கலையத் தொடங்கினார்கள்.

சலேத்மேரி கல்லைச் சுற்றி வந்தார். அதன் விளிம்பில் கை வைத்தார்.

"இது தானாப் போகாது. மத்ததெல்லாம் வெடி வச்சு எடுத்தது, ஓடிப்போயிருச்சு. இத நாம கேட்டு எடுத்தோம், தோள்ல வச்சுக் கொண்டுவந்தோம். கொண்டுவந்தவங்க கொண்டுபோய் விடட்டும்னு இருக்கு."

அந்த வருஷம் பலாக்கானலின் சிலுவைப்பாதையில் சிலுவை இல்லை. மூங்கில் கட்டி, வடம் சுற்றி, பலிபீடக் கல்லைத் தோளில் ஏற்றிக்கொண்டு பெரிய வெள்ளி காலையில் ஊர் சுனைமலையில் ஏறியது. குவாரிக்குப் போட்ட லாரிப் பாதை மலைக்குள் மூடிப்போயிருந்ததால் புல்லிலும் பாறையிலும்தான் ஏறவேண்டியிருந்தது. ஒவ்வொரு ஸ்தலத்திலும் கல்லை இறக்கி முழங்காலில் நின்று செபித்தார்கள். ஆண்டவர் விழுந்த ஸ்தலங்களில் செபம் வழக்கத்தைவிட நீண்டது, அதை யாரும் குறை சொல்லவில்லை. தோள் மாற்றித் தோள் மாறியது. பெண்கள் முறை வந்தபோது ஆண்கள் தயங்கினார்கள், தயக்கம் முடியும்முன் மூங்கில் பெண்களின் தோளில் இருந்தது. பளியர் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள் வழுக்கும் சரிவில் கயிறு பிடித்தார்கள். அதிரியான் முந்தின நாளே மேலே வந்து யார் வீட்டிலோ தங்கியிருக்கிறார். ஒரு வளைவில் தோள் மாறும்போது விழுந்த இடைவெளியில் அவர் நுழைந்து மூங்கிலுக்குத் தோள் கொடுத்தார். யாரும் அவரை வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அடுத்த ஸ்தலத்துக்குள் மூச்சு முட்டிப் பின்தங்கிவிட்டார். பிறகு அவரை ஊர் பார்த்தது, கிரஷர் இயந்திரத்தை விற்று ஏற்றிக்கொண்டு போன அன்றுதான்.

சுனையடியில் கல்லைக் குழிக்குள் இறக்கத் தூக்கிச் சாய்த்தபோது அதன் அடிப்பக்கம் வெயிலுக்கு வந்தது. அந்தப் பக்கத்தை ஊர் பார்த்ததே இல்லை. யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்த இடத்திலும் இன்னாசி உளியை ஒழுங்காக ஓட்டியிருந்தார். நேரான, நெருக்கமான கோடுகள், ஒரு மூலையில் உள்ளங்கை அளவில் ஒரு சிலுவை. சலேத்மேரி கையை நீட்டி அதை ஒருமுறை தடவினார். பிறகு அவர், ம், இறக்குங்க என்றார்.

கல் பொருந்தி உட்கார்ந்தது. கீழே ஊரில், வேதம் கற்பிக்கும் உபதேசியார் சலேத்மேரிக்குப் பதிலாக நண்பகலுக்கு மரக்கட்டையைத் தட்டுவது கேட்டது. பழக்கத்தில் எல்லோரும் தலை குனிந்து கண்ணை மூடப்போனார்கள்.

"கண்ண மூடாதீங்க," என்றார் சலேத்மேரி. "இத நாம செஞ்சோம். பாருங்க."

பார்த்தார்கள். வெகுநேரம் எதுவும் இல்லை. வியர்வை காய்ந்தது, ஒரு குழந்தை பசிக்கிறது என்று அழுதது. பிறகு கல்லின் மேல்விளிம்பு ஒரு நூல் அளவுக்குக் கறுத்தது. கறுப்பு அகலமாகிப் பரந்தது. மலைக்குள் எங்கோ ஒருவர் தொண்டையைக் கனைப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது, அதற்குப் பின்னால் தண்ணீர் வந்தது; வேகமில்லாமல், அவசரமில்லாமல், பலிபீடக் கல்லின் வழவழப்பின்மேல் விரிந்து வழிந்து, தான் விட்டுப்போன பழைய தடத்தைக் கண்டுபிடித்து, முதலில் பளியர் குடியிருப்புப் பக்கமாக இறங்கிப் போனது. பலாக்கானல் ஜனங்கள் வழிவிட்டு நின்றார்கள். அழுதவர்கள் இருந்தார்கள், ஆனால் தலை குனிந்தவர் ஒருவரும் இல்லை.

ஈஸ்டருக்கு மந்திரிக்க அந்தத் தண்ணீரைத்தான் குடத்தில் கொண்டுவந்தார்கள். இதற்கு மேல் இதை நான் என்னவென்று மந்திரிப்பது என்று அம்புரோஸ் சாமி தயங்க, சடங்கு சடங்குதான் சாமி, விட்டுவிடக் கூடாது என்று சலேத்மேரி குடத்தை அவர் முன்னால் நகர்த்தி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் பலா மரத்தடியில் மணியின் நாக்கை அவிழ்த்து அவர் கயிற்றை இழுத்தார். காபித் தோட்டத்தில் கூடைகள் இறங்கின, டீ பாதியில் நின்றது. ஆனால் அன்று ஊரில் பாதிப்பேர் கண்ணை முழுசாக மூடவில்லை. இமையிடுக்கு வழியாக வீட்டையும் வாசலையும் மலையையும் நோட்டம் விட்டார்கள். எதுவும் போகவில்லை, எதுவும் வரவில்லை. மலை முழுசாக இருந்தது, கோயில் இருந்த இடத்தில் வெயில் இருந்தது, கீழே பளியர் குடியிருப்பில் கோயில் ஓடுகள் சிவந்து தெரிந்தன, அவற்றுக்கு நடுவே தண்ணீர் ஓடியது. லாரியின் பின்தொட்டியில் தண்ணீர்க் குடங்களை அடுக்கிக்கொண்டிருந்த தேவசகாயம், கையில் ஒரு குடத்தோடு வாயைப் பிளந்து நின்றார்.

"என்னடா பாக்குற?" என்று கயிற்றை விடாமலே கேட்டார் சலேத்மேரி.

"எல்லாம் இருக்குக்கா."

"இருக்கும். குடத்தக் கீழ வச்சிட்டுக் கண்ண மூடிச் செபத்தச் சொல்லு."